சின்னத்திரையில் ஒரு சிற்றன்னை

நாடகக் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் மேடையோடும் வெள்ளித்திரையோடும் நின்றுவிடுகின்றனர். இரவுதோறும் நம் இல்லம் புகுந்த சின்னத்திரைத் தொடர்களுக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு என்பதற்கு நடிகை ராதிகாவின் கலைவாழ்வே சான்று.

நடிகவேள் எம். ஆர். ராதாவின் மகளாகிய இவர், 1978-இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமானார். 1985-இல் இவர் தயாரித்த ‘மீண்டும் ஒரு காதல் கதை’, இயக்குநரின் முதற்படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. 1993-இல் ‘கிழக்குச் சீமையிலே’ விருமாயியாக உள்ளங்களை உருக்கினார்.

முப்பது வயதைக் கடந்த நாயகியரைத் திரையுலகம் ஓரத்தில் நிறுத்துவது வழக்கம். ராதிகாவோ ஓரத்தில் நிற்க இசையவில்லை. தம் ராடான் நிறுவனத்தின் வாயிலாக, 1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’யைத் தொடங்கினார். சிற்றன்னை என்றாலே கொடியவள் என்ற பழங்கதையை மாற்றி, அன்பும் துணிவும் மிக்க சாரதாவாக வாழ்ந்து காட்டினார். பின்னர் ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’ எனத் தொடர்கள் வளர்ந்தன. ‘வாணி ராணி’யில் (2013–2018) இரட்டை வேடமும் ஏற்றார்.

இத்தொடர்களில் கண்ணீரும் சூழ்ச்சியும் மிகுதி என்பாரை நாம் மறுக்கவில்லை. எனினும், பள்ளியிலும் கடைவீதியிலும் இந்தி கேட்டு வளரும் நம் மயூர் விஹார்ச் சிறார்க்கு, சித்தி, அத்தை, நாத்தனார் என்னும் உறவுச்சொற்கள் நாள்தோறும் செவியில் விழுந்தது சிறு நன்மையன்று. கேட்ட சொற்களைப் பேசும் சொற்களாக்குவது தொலைக்காட்சியின் கடனன்று. பெற்றோராகிய நம் கடனே.