உடற்பயிற்சியின்போது உயிரணுக்களில் ஆற்றல் மாற்றம்

உடற்பயிற்சியின்போது உயிரணுக்களில் ஆற்றல் மாற்றம் என்பது, உணவிலிருந்து கிடைத்த வேதி ஆற்றலைத் தசை உயிரணுக்கள் இயக்கமாக மாற்றும் வினைகளின் தொகுப்பைக் குறிக்கும். தசைகள் குளுக்கோசையோ கொழுப்பையோ நேரடியாகக் கொண்டு சுருங்குவதில்லை. அடினோசின் முப்பாசுபேட்டு என்னும் மூலக்கூறையே அவை பயன்படுத்துகின்றன. இம்மூலக்கூறு தசையில் மிகக் குறைந்த அளவிலேயே இருப்பதால், செலவாகும் வேகத்திலேயே அது மீண்டும் உருவாக்கப்பட வேண்டும். இதற்கு உயிரணுவில் மூன்று வழிகள் உள்ளன. ஒருவரால் எவ்வளவு விரைவாகவும் எவ்வளவு நேரமும் ஓட முடியும் என்பதை இவ்வழிகளின் வேகமும் கொள்ளளவும் பெரிதும் தீர்மானிக்கின்றன.

அடினோசின் முப்பாசுபேட்டு

அடினின், ரைபோசு சர்க்கரை, மூன்று பாசுபேட்டுத் தொகுதிகள் ஆகியவற்றால் ஆனது இம்மூலக்கூறு. நீருடன் வினைபுரிந்து கடைசிப் பாசுபேட்டு பிரியும்போது ஆற்றல் வெளிப்பட்டு, அடினோசின் இருபாசுபேட்டு எஞ்சுகின்றது. வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு மயோசின் புரதம் ஆக்டின் இழைகளை இழுப்பதால் தசை சுருங்குகின்றது. சுருங்கிய தசை தளர்வதற்கும், கால்சியம் அயனிகளை மீண்டும் அவற்றின் சேமிப்பிடத்திற்கு அனுப்புவதற்கும் முப்பாசுபேட்டு தேவை. இறந்த உடலில் இது தீர்ந்துபோவதே உடல் விறைத்துப்போவதற்குக் காரணமாகும்.

ஒரு கிலோகிராம் தசையில் ஏறத்தாழ 5 மில்லிமோல், அதாவது சுமார் 2.5 கிராம் முப்பாசுபேட்டு உள்ளது. முழு வேகத்தில் ஓடினால் இது 2 முதல் 3 விநாடிகளுக்கே போதும். ஆயினும், களைத்துப்போன தசையிலும் இது முற்றிலும் தீர்வதில்லை. பின்வரும் மூன்று வழிகளும் இதனை இடைவிடாமல் ஈடுசெய்வதே காரணம்.

மீளுருவாக்கும் வழிகள்

1. கிரியேட்டின் பாசுபேட்டு: தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிரியேட்டின் பாசுபேட்டு, தன் பாசுபேட்டை இருபாசுபேட்டுக்குக் கொடுத்து முப்பாசுபேட்டை உருவாக்குகின்றது. ஒரே வினையில் முடிவதாலும் ஆக்சிசன் தேவைப்படாததாலும் இதுவே மிக விரைவான வழியாகும். ஆனால் முழு முயற்சியில் சுமார் 10 விநாடிகளில் இச்சேமிப்பின் பெரும்பகுதி குறைந்துவிடும். ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் மீண்டும் நிரம்பும்.

2. சர்க்கரைச் சிதைவு (கிளைக்காலிசிசு): குளுக்கோசு அல்லது தசையில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் பல படிகளில் பைருவேட்டாகச் சிதைக்கப்படுகின்றது. ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து நிகரமாக 2 முப்பாசுபேட்டு மூலக்கூறுகளும், கிளைக்கோசனின் ஒரு குளுக்கோசு அலகிலிருந்து 3 மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. இதற்கும் ஆக்சிசன் தேவையில்லை. கடும் முயற்சியின்போது பைருவேட்டின் ஒரு பகுதி இலாக்டேட்டாக மாறுகின்றது.

3. ஆக்சிசன்சார் வழி: பைருவேட்டும் கொழுப்பு அமிலங்களும் இழைமணிக்குள் (மைட்டோகாண்ட்ரியா) சென்று, கிரெப்சு சுழற்சியிலும் எதிர்மின்னி கடத்துச் சங்கிலியிலும் பயன்படுத்தப்படுகின்றன. இறுதியில் ஆக்சிசன் எதிர்மின்னிகளை ஏற்று நீராகின்றது. இவ்வழியில் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 32 முப்பாசுபேட்டு மூலக்கூறுகளும், பால்மிடிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தின் ஒரு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 106 மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. விளைச்சல் மிகுதியாயினும் வேகம் குறைவு.

இவ்வழிகள் ஒன்று முடிந்தபின் மற்றொன்று என இயங்குவதில்லை. பயிற்சி தொடங்கியதுமே மூன்றும் இயங்கத் தொடங்குகின்றன. நேரத்தையும் கடுமையையும் பொறுத்து அவற்றின் பங்கு மட்டுமே மாறுகின்றது. 100 மீட்டர் ஓட்டத்தில் முதல் இரண்டு வழிகளே ஆற்றலின் பெரும்பகுதியைத் தருகின்றன. ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் நீடிக்கும் முழு முயற்சியில் ஆக்சிசன்சார் வழியின் பங்கு ஏறத்தாழப் பாதியாகின்றது. 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டம் ஏறக்குறைய முழுவதும் ஆக்சிசன்சார் வழியையே சார்ந்தது.

எரிபொருள் தெரிவு

ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோகலோரியும், ஒரு கிராம் மாவுச்சத்து சுமார் 4 கிலோகலோரியும் தருகின்றன. மெலிந்த உடலிலும் பல கிலோகிராம் கொழுப்பு இருக்கும். கிளைக்கோசனோ தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராமும், கல்லீரலில் சுமார் 100 கிராமும் மட்டுமே இருக்கும். மெதுவான நடையில் கொழுப்பின் பங்கு மிகுதி. வேகம் கூடும்போது கொழுப்பிலிருந்து போதிய விரைவில் முப்பாசுபேட்டை உருவாக்க இயலாததால், கிளைக்கோசனின் பங்கு உயர்கின்றது. நெடுந்தொலைவு ஓடுபவர் கிளைக்கோசன் தீரும் நிலையில் திடீரென வேகம் இழப்பது இதனால்தான். அப்போதும் அவர் உடலில் கொழுப்பு ஏராளமாக இருக்கும். குறைவுபடுவது ஆற்றலின் அளவன்று, அதனை வழங்கும் வேகமே.

இலாக்டேட்டு பற்றிய தவறான கருத்து

இலாக்டிக் அமிலம் ஒரு கழிவு என்றும், பயிற்சிக்கு மறுநாள் ஏற்படும் தசைவலிக்கு அதுவே காரணம் என்றும் பரவலாக நம்பப்படுகின்றது. இது சரியன்று. பயிற்சி முடிந்து சுமார் ஒரு மணி நேரத்தில் இரத்த இலாக்டேட்டு ஓய்வுநிலை அளவுக்குத் திரும்பிவிடும். தசைவலியோ 1 முதல் 3 நாட்களுக்குப் பின்னரே உச்சமடைகின்றது. பழக்கமில்லாத பயிற்சியால் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைத் தொடரும் அழற்சியுமே அவ்வலியுடன் தொடர்புடையவை. இலாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. கல்லீரல் அதனை மீண்டும் குளுக்கோசாக மாற்றுகின்றது. இது கோரி சுழற்சி எனப்படும்.

வரலாறு

1907 இல் பிளெட்சர், ஆப்கின்சு ஆகியோர், களைத்த தவளைத் தசையில் இலாக்டிக் அமிலம் சேர்வதையும் ஆக்சிசன் கிடைத்தால் அது மறைவதையும் காட்டினர். தசை பற்றிய ஆய்வுகளுக்காக ஆர்ச்சிபால்டு ஹில்லும் ஓட்டோ மேயர்ஹோபும் 1922 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். அக்காலத்தில் இலாக்டிக் அமிலமே தசைச் சுருக்கத்தை உண்டாக்குகின்றது எனக் கருதப்பட்டது.

1927 இல் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரசு பிசுக்கேயும் எல்லாப்பிரகதா சுப்பாராவும் கிரியேட்டின் பாசுபேட்டைக் கண்டறிந்தனர். சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1929 இல் செருமனியில் கார்ல் லோமனும், ஆர்வர்டில் பிசுக்கேயும் சுப்பாராவும் தனித்தனியே அடினோசின் முப்பாசுபேட்டைக் கண்டறிந்தனர். 1930 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஐனார் இலுண்ட்சுகார்டு, சர்க்கரைச் சிதைவைத் தடுக்கும் நஞ்சு ஏற்றப்பட்ட தசையும் இலாக்டிக் அமிலம் உருவாகாமலே சிறிது நேரம் சுருங்குவதைக் காட்டினார். பழைய கருத்து இதனால் கைவிடப்பட்டது.

மெக்கார்டில் நோய்

ஒரு வழி அடைபட்டால் என்ன நேரும் என்பதற்கு மெக்கார்டில் நோய் எடுத்துக்காட்டாகும். பிரையன் மெக்கார்டில் 1951 இல் இதனை விவரித்தார். பரம்பரையாக வரும் இந்நோயில், தசைக் கிளைக்கோசனைச் சிதைக்கும் பாசுபோரிலேசு நொதி இருப்பதில்லை. எனவே கிளைக்கோசன் இருந்தும் அதனைப் பயன்படுத்த முடியாது. கடும் முயற்சியிலும் இரத்தத்தில் இலாக்டேட்டு உயர்வதில்லை. மாடிப்படி ஏறும் முதற்சில நிமிடங்களிலேயே தசை களைத்து வலிக்கும். மெதுவாக நடந்துகொண்டிருந்தால், சுமார் 10 நிமிடங்களில் இரத்தக் குளுக்கோசும் கொழுப்பு அமிலங்களும் தசைக்குப் போதிய அளவில் வந்து சேர்வதால் நடை எளிதாகின்றது. வெளித்தோற்றத்தில் நலமாக இருப்பதால் இந்நோயுள்ள பிள்ளைகள் சோம்பேறிகள் எனத் தவறாக எண்ணப்படுவதுண்டு. வலியை மீறிக் கடுமையாக முயன்றால் தசை சிதைந்து, சிறுநீர் கருத்து, சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

பயிற்சியின் விளைவுகள்

தொடர்ந்த பயிற்சியால் தசையின் இழைமணிகள் பெருகுகின்றன. 1967 இல் ஜான் ஹொல்லோசி, ஓட்டப் பயிற்சி அளிக்கப்பட்ட எலிகளின் தசைகளில் இழைமணி நொதிகளின் செயற்பாடு ஏறத்தாழ இருமடங்காவதைக் காட்டினார். இதனால் அதே வேகத்தில் ஓடும்போது கொழுப்பு மிகுதியாகவும் கிளைக்கோசன் குறைவாகவும் செலவாகின்றன.

மேலும், தசை சுருங்கும்போது குளுக்கோசுக் கடத்திப் புரதங்கள் உயிரணுச் சவ்வுக்கு நகர்ந்து, இன்சுலினின் உதவியின்றியே குளுக்கோசை உள்ளே எடுக்கின்றன. இன்சுலின் சரிவரச் செயற்படாத இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளிலும் இவ்வழி இயங்குகின்றது. நடைப்பயிற்சி அவர்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.