ஹோம்ஸின் இரக்கம் யாருக்குச் சொந்தம்?

துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸை அறியாதவர் குறைவு. அவரைப் படைத்த கோனன் டாயில் 1930-இல் காலமானார். எழுதியவை 60 கதைகள். அமெரிக்காவில் 1923-க்கு முன் வெளிவந்த 50-க்கும் பதிப்புரிமை தீர்ந்துவிட்டது. மிச்சம் பத்து. அந்தப் பத்தைக் காட்டியே, ஹோம்ஸை வைத்துப் புதுக்கதை எழுதுவோரிடமெல்லாம் டாயில் குடும்பத்தின் நிறுவனம் கட்டணம் கேட்டுவந்தது.

லெஸ்லி கிளிங்கர் என்ற வழக்கறிஞரின் முதல் கதைத் தொகுப்புக்குப் பதிப்பகம் 5,000 டாலர் கட்டியது. இரண்டாவதற்கும் கேட்டபோது அவர் நீதிமன்றம் போனார். கடைசிக் கதையில்தான் ஹோம்ஸ் முழுமையடைகிறார், அதுவரை பாத்திரம் மொத்தமும் எங்களுடையது என்றது நிறுவனம். கெட்டிக்கார வாதம்தான்! 2014-இல் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் ஏற்கவில்லை. பழைய கதைகளின் ஹோம்ஸ் எல்லோருக்கும் பொது. பிந்தைய பத்தில் புதிதாகச் சேர்ந்தவை மட்டுமே உரிமைக்குள் என்றார்.

அந்தப் 'புதிதாக' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, 2020-இல் 'எனோலா ஹோம்ஸ்' படத்தின் மீது வழக்கு. முதல் உலகப் போரையொட்டி மகனையும் தம்பியையும் பறிகொடுத்த பிறகே டாயில் ஹோம்ஸுக்கு இரக்கம் தந்தாராம். படத்தில் அண்ணன் ஹோம்ஸ் தங்கையிடம் அன்பு காட்டுவது அத்துமீறலாம். 1924-இல் வந்த ஒரு கதையில் வாட்சன் சுடப்பட்டதும் ஹோம்ஸ் பதறுவது உண்மைதான். அதற்காக, அன்பான அண்ணனை எழுதவும் அனுமதிச் சீட்டா?

தீர்ப்பு வருமுன்பே, அந்த ஆண்டு டிசம்பரில் வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. கடைசிக் கதைகளும் 2023 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவுடைமை ஆயின. டாயிலின் சொந்த நாட்டில் 2000-ஆம் ஆண்டோடே உரிமை முடிந்திருந்தது.