மங்கும் மாநிறமும்

கன்னமேட்டிலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் படலம் படலமாக விழும் கருமைக்குத் தமிழில் மங்கு என்று பெயர். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அதன் பிரெஞ்சுப் பெயரும் எனக்குத் தெரியும். 'மாஸ்க் த க்ரொஸெஸ்' என்பார்கள், கர்ப்ப முகமூடி என்று பொருள். தமிழ்ப் பெயர் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. பிரெஞ்சுப் பெயர் ஒரு காரணத்தைச் சொல்கிறது. கர்ப்பகாலத்து ஹார்மோன், வெயில், பரம்பரை என்ற மூன்றும் சேர்ந்து வரவழைப்பது அது. பிள்ளை பெறாதவர்களுக்கும் வரும், ஆண்களுக்கும் வரும்.

இதற்கு எந்த க்ரீம் போடலாம் என்று உறவில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல, குமாஸ்தா. ஆனால் ஒரு விஷயத்தின் பழைய கோப்பைத் தேடி எடுத்து முதல் தாளிலிருந்து படிப்பது எங்கள் தொழில். அப்படிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் தாள் சங்க காலத்தது. அந்தக் கவிஞர்களுக்கு அழகான பெண்ணின் நிறம் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். தலைவன் பிரிந்து போனால் அந்த நிறம் கெட்டு மேனி வெளிறும். அதற்குப் பசலை என்று பெயர். திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் இந்தப் பசலையின் துன்பம்தான். அதாவது நம் பழைய இலக்கியத்தில் நிறம் வெளுப்பது நோய், கருமை கலந்த மினுமினுப்பு ஆரோக்கியம். அதே 'மா' இன்று கல்யாண விளம்பரத்தில் 'மாநிறம்' என்று வருகிறது. 'சிவப்பு' என்று போட முடியாதவர்கள் தயங்கிப் போடும் சொல்லாக அது இறங்கிவிட்டது.

மஞ்சளைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மனைவி ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் வீட்டில் ஏதோ சொந்தக்காரருக்குப் பட்டம் கிடைத்ததுபோல் பேசிக்கொண்டார்கள். அங்கே வயதான அம்மாக்கள் முகத்தில் மஞ்சள் பூசிக் குளித்தார்கள், வெளுப்பதற்காக அல்ல. மஞ்சள் பூசினால் முகம் மஞ்சளாகத்தான் இருக்கும். அது மங்கலம், சாயம், கொஞ்சம் கிருமிநாசினி. மங்கைப் போக்கியதாக நான் பார்த்ததில்லை. ஜாதிக்காயை உரைத்துப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சிலருக்குத் தோல் எரிந்து, எரிந்த இடம் மேலும் கறுத்தது. கறுப்புத் தோலின் சுபாவம் அது. எந்தக் காயம் பட்டாலும் ஆறிய இடத்தில் கருமையை வைத்துவிட்டுப் போகும். இதை மறந்துவிட்டுச் செய்யப்படும் வைத்தியம் எல்லாம் எதிராகத்தான் முடியும்.

பிறகு ஸ்நோ காலம். பம்பாயில் பதன்வாலா 1919இல் ஆப்கன் ஸ்நோவைக் கொண்டுவந்தார். ஹேஸலின் ஸ்நோ சீமையிலிருந்து வந்தது. ஸ்நோவும் பவுடரும் முகத்தின் மேல் வெள்ளையாகப் படியும், வியர்த்தால் போகும். உள்ளே ஒன்றும் செய்யாது. ஏமாற்றம்தான், ஆனால் ஆபத்தில்லாத ஏமாற்றம்.

தோலுக்கு உள்ளே போய் நிறத்தைத் தொடும் பொருள் ஒன்று தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் கைகள் திட்டுத் திட்டாக வெளுத்தன. ரப்பர் கெடாமல் இருக்கக் கலந்த ஒரு ரசாயனம் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஹைட்ரோகுவினோனின் நெருங்கிய உறவு அது. ஈரோட்டில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர்களை அறிந்தவன் என்பதால், இதைப் படித்தபோது அந்தக் கைகள் என் கண்ணுக்குத் தெரிந்தன. நம் ஊரில் இதே கதை நெற்றியில் நடந்தது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருந்த பீனால் வகைப் பொருளால் பொட்டு வைத்த இடம் வட்டமாக வெளுத்துப்போன பெண்கள் எத்தனையோ பேர். அதை வெண்குஷ்டம் என்று பயந்து மறைத்துக்கொண்டார்கள். பெயரும் தவறு, பயமும் தவறு. குஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி 1975. அந்த ஒரே ஆண்டில் மூன்று சம்பவங்கள்.

முதலாவது, இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லியை இங்கே கொண்டுவந்தது. அதன் சரக்கு நியாசினமைட், பி3 வைட்டமினின் ஒரு வடிவம். தோலில் நிறமி செய்யும் செல்கள் தாம் செய்ததை அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் பட்டுவாடா செய்கின்றன. அந்தப் பட்டுவாடாவை நியாசினமைட் கொஞ்சம் தாமதிக்கும், உற்பத்தியை நிறுத்தாது. எங்கள் அலுவலக மொழியில் சொன்னால் தபால் பிரிவில் தேக்கம். பலன் உண்டு, மெலிதான பலன். பெரிய தீங்கும் இல்லை. விளம்பரத்தில் காட்டியதுபோல் ஒருத்தி ஆறு வாரத்தில் வேறு ஆளாக மாறுவது நடவாது.

இரண்டாவது, அமெரிக்காவில் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகுவினோன் 5 சதவீதம், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து தேமலற்ற கருமைக்கு ஒரு கூட்டு மருந்தை வெளியிட்டார்கள். மங்குக்கு இது வேலை செய்தது. இன்றும் அதன் வாரிசுகள்தான் தோல் மருத்துவர்களின் கையில் உள்ள வலுவான ஆயுதம்.

மூன்றாவது, தென்னாப்பிரிக்காவில் ஃபின்ட்லே என்ற தோல் மருத்துவரும் அவருடைய சகாக்களும், ஹைட்ரோகுவினோன் க்ரீமை ஆண்டுக்கணக்கில் பூசிய கறுப்பினப் பெண்களின் கன்னத்தில் நீலங்கலந்த கருமை படிவதை விவரித்தார்கள். ஒக்ரோனோசிஸ் என்று அதற்குப் பெயர். வெளுக்கப் போட்ட மருந்தே கறுப்பை உண்டாக்கியது. கறுக்கிறதே என்று மேலும் பூசினார்கள், மேலும் கறுத்தது. லேசில் போகாத கருமை அது. நிறவெறி ஆட்சியில் வெளுப்புக்கு வேலையும் மரியாதையும் கட்டப்பட்டிருந்தபோது அந்தப் பெண்கள் க்ரீமை விடுவதெப்படி? 1990களின் தொடக்கத்தில் அங்கே அது தடைசெய்யப்பட்டது. 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களிலிருந்து அதை நீக்கியது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டில்லாமல் விற்பது 2020இல்தான் நின்றது.

பிரெஞ்சு தெரிந்ததில் ஒரு லாபம், செனகல் செய்திகளைப் படிக்க முடிகிறது. அங்கே தோலை வெளுப்பதற்கு 'கெஸ்ஸால்' என்று தனிச் சொல்லே உண்டு. 2012இல் டக்கார் நகரம் முழுக்க ஒரு வெளுப்பு க்ரீமின் பெரிய விளம்பரப் பலகைகள் முளைத்தன. பொறுக்காத சிலர், கருகருவென்று என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல்லைத் தலைப்பாக்கி எதிர்ப்பிரச்சாரம் நடத்தினார்கள். ஐவரி கோஸ்ட் 2015இல் இத்தகைய க்ரீம்களைத் தடைசெய்தது. நம்மூரிலும் இப்படிப்பட்ட குரல் இல்லாமல் இல்லை. சென்னையில் 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் தொடங்கியது. அதற்கு முன்பே அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விளம்பரங்களை எதிர்த்துப் புகார் கொடுத்து, 2003இல் சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. மறுபக்கம், 1998இல் நம் கடலூர்க்காரர் ரங்கநாதனின் கவின்கேர் குங்குமப்பூவும் பாலும் என்று சொல்லி ஃபேர்எவரை இறக்கியது. 2005இல் எமாமி ஆண்களுக்கென்றே ஒன்றைக் கொண்டுவந்தது. மீசை வைத்தவர்களும் கண்ணாடி பார்க்கிறவர்கள்தானே.

க்ளிக்மனின் கூட்டு மருந்துக்கு இந்தியாவில் நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் போட வேண்டியது. அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்ற இதே வகைக் க்ரீமுக்குக் கெடு எட்டு வாரம். இங்கே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து, பல்பொடி வாங்குவதுபோல் வாங்கவிட்டார்கள். ஸ்டீராய்டு போட்ட முதல் இரண்டு மூன்று வாரம் முகம் தெளிந்து பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் வலை. பிறகு தோல் மெலியும், சிவக்கும், சிறு ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பருக்கள் கிளம்பும், மீசை ரோமம் வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது, அதனால் மறுபடி போடுவார்கள்.

என் மைத்துனர் மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். நிச்சயதார்த்தத்துக்கு முன் கன்னத்தில் கொஞ்சம் மங்கு. தெருமுனை மருந்துக்கடையில் "இதைப் போடுங்க, எல்லாரும் வாங்குறாங்க" என்று ஒரு குழாயைக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு மாதம் போட்டாள். கல்யாணத்துக்கு முந்தைய மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவள் துப்பட்டாவால் முகத்தை மூடியபடியே உட்கார்ந்தாள். "மாமா, அடுப்புக்கிட்ட நின்னாக்கூட எரியுதுங்க. விட்டா இன்னும் சிவந்து போகுதுங்க" என்றாள். கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். குழாயைத் திருப்பிப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் இடது ஓரத்துச் சிவப்புக் கோட்டை விரலால் காட்டினார். சீட்டில்லாமல் தரக்கூடாத மருந்துக்கு உரிய கோடு அது. சரியாக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கல்யாண ஆல்பத்தை அவள் யாருக்கும் காட்டுவதில்லை.

அவள் தனி ஆள் அல்ல. இந்தியத் தோல் மருத்துவர்கள் 12 மையங்களில் ஆய்ந்து 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, முகத்தோல் கோளாறோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்ல. இப்படிக் கெட்ட முகத்துக்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று நம் நாட்டு மருத்துவர்கள் தனிப்பெயரே வைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் விடாமல் மனுப்போட்டு, 2018 மார்ச்சில் இத்தகைய 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அறிவிக்கைக்கும் தெருமுனைக்கும் உள்ள தூரம் அரசாங்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

இதையும் விடக் கொடியது பாதரசம். நிறமி உண்டாக்கும் நொதியைப் பாதரச உப்பு முடக்கும், அதனால் வேகமாக வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும். நாம் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வைத்தியத்துக்குப் போகிற கோட்டக்கல்லில், ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அவர்களிடம் வந்த ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக வடிகட்டி நோயாளிகள் 22 பேர். அதில் 15 பேருக்கு வழக்கத்தில் அரிதான ஓர் அடையாளம் இருந்தது. துருவிக் கேட்டபோது அந்த 15இல் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். கால் வீக்கமும் நுரைத்த சிறுநீருமாக வந்தவர்களிடம் முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்கத் தோன்றியதே, அதுதான் வைத்தியம். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். தயாரித்தவர் முகவரி, உள்ளடக்கம் எதுவும் ஒழுங்காக இல்லாத சரக்குகளைத் தேடி கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று சோதனை நடத்தியது. ஒட்டுச்சீட்டில் முகவரி இல்லாத குழாயை, வளைகுடாவிலிருந்து வந்த உறவினரே கொடுத்தாலும் முகத்தில் வைக்காதீர்கள்.

அப்படியானால் எதுதான் பலிக்கும்? முதலில் வெயிலை மறைப்பது. மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே போதும், கருமையைக் கூட்டிவிடும். அதனால் இரும்பு ஆக்ஸைடு கலந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது என்கிறார்கள். இரும்பு ஆக்ஸைடு என்றால் வேறொன்றுமில்லை, நம் காவிமண்ணின் நிறம். அப்புறம் அசெலாயிக் அமிலம், நியாசினமைட் போன்ற மெதுவான சரக்குகள். ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் மங்கைக் குறைப்பதை ஜப்பானில் 1979இல் கவனித்தார்கள். ஆனால் ரத்தம் உறையும் கோளாறு உள்ளவருக்கு அந்த மாத்திரை ஆகாது. ஹைட்ரோகுவினோனும் உண்டு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன மாதங்களுக்கு மட்டும். எது போட்டாலும் கோடையில் மங்கு திரும்பி வரும். முற்றிலும் போய்விடும் என்று சொல்கிறவர் விற்பவராகத்தான் இருப்பார்.

கழுத்தின் பின்புறம் அழுக்குப்போல் தடித்துக் கறுப்பது வேறு. அதற்கு க்ரீம் வாங்கும் காசில் சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளலாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அது பெரும்பாலும் அடையாளம். தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் நெற்றியோரம் கறுத்த என் வயதுக்காரர்கள் சிலரும் வெளுப்பு க்ரீம் தேடுகிறார்கள். சாயத்தை விட்டாலே பாதி குறையும்.

2020 பிப்ரவரியில், நிறத்தை வெளுப்பதாகச் சொல்லும் விளம்பரங்களையும் 1954ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரச் சட்டத்துக்குள் கொண்டுவர மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. எங்கள் தெரு மளிகைக் கடையில் நேற்றுகூட ஒரு பெண்மணி பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்டார். கடைக்காரர் புதுப் பெயர் போட்ட சிறு பாக்கெட்டைச் சரத்திலிருந்து கிழித்துக் கொடுத்தார்.