ரொஜர்ஸ் கத்தியும் ஏலக் கணக்கும்

இறக்காமத்தில் மூத்த விவசாயிகள் சிலரிடம் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் செய்த வில்லுக்கத்திகளை இன்றும் காண்கிறேன். அவற்றுள் பெயர்பெற்றது ஜோசப் ரொஜர்ஸ் அன்ட் சன்ஸ் நிறுவனத்தின் கத்தி. நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் அதன் முத்திரை. ஆங்கிலம் அறியாதவரும் அந்த அடையாளத்தைப் பார்த்தே வாங்கலாம்.

பெயர்பெற்ற சரக்குக்குப் போலி பிறப்பது வழமை. ஜெர்மனியில் செய்த மலிவுக் கத்திகள் ஷெபீல்டின் பெயரைத் தாங்கி வந்தன. ஷெபீல்ட் உற்பத்தியாளரின் முறைப்பாடுகளும் சேர்ந்தே 1887இல் பிரித்தானியாவில் வணிகப்பொருள் குறிச் சட்டம் பிறக்கக் காரணமாயின. அமெரிக்காவோ 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி தீர்வைச் சட்டத்தின் மூலம், 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்னது.

இணைய ஏலங்களில் பழங்கத்தி வாங்குவோர் பலருக்கு இதுவே அளவுகோல்: ‘இங்கிலாந்து’ என்ற சொல் இல்லையேல் கத்தி 1891க்கு முந்தியது. நம் நாட்டுக் கத்திக்கு இக்கணக்குப் பொருந்தாது. அது அமெரிக்கச் சந்தைக்கான விதி; இலங்கைக்கு வந்த சரக்கை அது கட்டுப்படுத்தவில்லை.

அலகின் அடியிலுள்ள முடியும் எழுத்துகளும் கூடுதலாக உதவும். வீ.ஆர். என்பது 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியாவைக் குறிக்கும். ஜீ.ஆர். என்பதோ ஜோர்ஜ் மன்னர் பலருக்கும் பொது. அது மட்டும் போதாது. பிடி தேய்ந்து அலகு புதிதாய் இருந்தால், அலகு மாற்றப்பட்டிருக்கலாம்.

வாப்பாவின் கத்தியைத் ‘துருப்பிடித்த பழசு’ எனக் குறைத்து வாங்கி, ஏலத்தில் ‘விக்டோரியா காலத்தது’ எனக் கூட்டி விற்பவருக்கு நம் அறியாமையே முதல். விற்குமுன் துருவை உரசித் தேய்க்காதீர்கள். முத்திரை அழிந்தால் கத்தியின் சரித்திரமும் அழிந்துவிடும்.