நாற்சார் வீடும் துலாக் கிணறும்
யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சிறுகருவி வேளாண்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசர்களையும் ஆலயங்களையும் அந்நியர் ஆட்சியையுமே முதன்மைப்படுத்தினர். மக்கள் வாழ்ந்த வீடும் அவர்கள் பிடித்த மண்வெட்டியும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டமை குறைவு. ஆயினும், போரினாற் சிதைந்த வீடுகளைத் திருத்துவதும் பற்றை மண்டிய தோட்டங்களை மீளப் பண்படுத்துவதும் குடாநாட்டு மக்கள் பலரின் பணியாகிவிட்ட இந்நாளில், அவ்வீடும் தோட்டமும் எவ்வாறு உருவாகின என அறிவது வெறும் பழம்பெருமை பேசும் முயற்சியன்று. எதைத் திருத்துவது, எதைக் கைவிடுவது என்ற தீர்மானம் அவ்வறிவிலேயே தங்கியுள்ளது.

குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மீது அமைந்தது. வற்றாத ஆறு எதுவும் இங்கில்லை. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழைநீர் பாறை வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீர் வில்லையாகத் தேங்குகின்றது. இந்நீரைக் கிணற்றினின்றும் இறைத்தே தோட்டம் செய்யவேண்டும். இயற்கையின் இவ்வெல்லையோடு சட்டத்தின் எல்லையும் சேர்ந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை முதுசொம், சீதனம் ஆகியன பற்றிய வழக்குகளை எழுத்துருவாக்கியது. சீதனமாகவும் முதுசொமாகவும் தலைமுறை தோறும் காணிகள் துண்டுபட்டன. பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். பலரிடம் இருந்ததோ சில பரப்புகளே. வேலிகளாற் சூழப்பட்டு, ஒடுங்கிய ஒழுங்கைகளாற் பிணைக்கப்பட்ட இத்துண்டு நிலங்களுக்குச் சிறு கருவிகளே பொருந்தின.

அக்கருவிகளுள் தலையாயது துலா. ஆடுகால்களின் மீது அச்சுலக்கையைப் பொருத்தி, அதன்மேல் நெடிய மரத்தை ஏற்றியிருப்பர். ஒருவரோ இருவரோ அம்மரத்தின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். கீழே ஒருவர் பட்டை பிடிப்பார். மற்றொருவர் வாய்க்கால் வழியே வரும் நீரைப் பாத்திகளுக்குத் திருப்புவார். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் இவ்வாறே விளைந்தன. இம்முறை கடும் உழைப்பை வேண்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஓர் இயல்பான கட்டுப்பாடும் இருந்தது. மனிதன் களைக்கும் வேளையில் கிணறும் ஓய்ந்தது. ஓய்ந்த கிணற்றில் நீர் மீண்டும் ஊறியது.

வீடும் இதே ஒழுங்கின் ஓர் உறுப்பாகவே இருந்தது. வசதி படைத்தோரின் நாற்சார் வீட்டில் நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரம் இறங்கும். சுவர் சுண்ணக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. வளையும் தீராந்தியும் சிலாகையும் பனைமரத்தில் அரியப்பட்டவை. கூரை பீலி ஓடு. எளியோரின் மண்வீட்டுக்கோ பனையோலைக் கூரை. ஓலைக்கூரையைக் காலத்துக்குக் காலம் பிரித்து மேயவேண்டும். பிரித்த பழைய ஓலை வீணாவதில்லை. அது தோட்டத்திற் புதைக்கப்பட்டுப் பசளையானது. வேலியில் நின்ற பூவரசின் குழையும் அவ்வாறே மண்ணுட் சென்றது. வீட்டைத் திருத்துதலும் நிலத்தைத் திருத்துதலும் ஒரே வேலையின் இரு பக்கங்களாயிருந்தன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

எனினும், இவ்வொழுங்கைப் பொற்காலமாகக் காட்ட முற்படுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். துலா மிதித்தோரும் தோட்டம் கொத்தியோரும் எல்லாரும் அத்தோட்டத்துக்கு உரிமையாளர் அல்லர். சாதியினால் ஒடுக்கப்பட்டோர் பலர் தாம் வியர்வை சிந்தி நீர் இறைத்த கிணற்றிலேயே தம் கையால் நீர் அள்ள முடியாதிருந்தனர். நாற்சார் வீட்டின் முற்றம் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. பழைய வீட்டின் தச்சுத்திறனை வியப்பவர், அவ்வீட்டின் வாயில் யாருக்குத் திறந்தது என்ற வினாவையும் எழுப்பியாக வேண்டும்.

1950களில் மண்ணெண்ணெயில் இயங்கும் சிறு நீரிறைக்கும் யந்திரம் பரவலாயிற்று. அதே தசாப்தத்தில் இருசில்லு உழவு யந்திரமும் இலங்கை வயல்களை எட்டியது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் உற்பத்தியான 'லாண்ட்மாஸ்டர்' யந்திரத்தின் உருவாக்கத்தில் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜயவர்தன (1924–2010) முக்கிய பங்கு வகித்தார். பெரிய உழவு யந்திரம் நுழையமுடியாத ஒழுங்கையிலும் இது நுழைந்தது. குடாநாட்டவர் பிற நிறுவனங்களின் இருசில்லு யந்திரங்களையும் 'லாண்ட்மாஸ்டர்' என்றே அழைக்குமளவுக்கு அப்பெயர் நிலைத்தது. ஆனால் விஜயவர்தனவே பிற்காலத்தில் தமது படைப்பைக் கேள்விக்குள்ளாக்கினார். தாம் யந்திரமாக்கியது எருமையையேயன்றி வேளாண்மையை அன்று என்ற முடிவுக்கு வந்து, நைஜீரியாவின் இபாதானில் உழாமற் பயிரிடும் முறைபற்றிய ஆய்வில் ஈடுபட்டார். தன் கண்டுபிடிப்பையே மறுபரிசீலனை செய்யும் இந்நேர்மை நம் ஆய்வாளர்க்கு முன்மாதிரியாகத் தக்கது.

1970–77 காலப்பகுதியின் இறக்குமதிக் கட்டுப்பாடு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்விலையைத் தந்தது. அவ்வருவாயால் ஓலைவீடுகள் பல கல்வீடுகளாயின. வாழ்க்கை உயர்ந்தது, அதேவேளை கூரையோலை தோட்டத்துக்குப் போகும் வழி அடைபட்டது. அதன் இடத்தை இரசாயனப் பசளை பிடித்தது. யந்திரம் களைப்பறியாது இறைத்தது. கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்ததையும், கரையோரங்களில் உவர்த்தன்மை ஏறியதையும் ஆய்வுகள் பின்னர் வெளிப்படுத்தின. 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கையால் இறக்குமதி பெருகவே, விளைபொருளின் விலையும் ஆட்டங்கண்டது.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். காங்கேசன்துறையில் 1950இல் நிறுவப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டுடன் நின்றது. எரிபொருள், பசளை, சீமெந்து ஆகியவற்றுக்குத் தடை விதிக்கப்பட்ட அக்காலத்தில் யந்திரங்கள் முடங்கின. மனித உழைப்பே மீண்டும் கைகொடுத்தது. காவலரண்களுக்காகவும் பதுங்குகுழிகளுக்காகவும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. 2009இல் போர் முடிந்தபின் படிப்படியாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியோர் கூரையற்ற சுவர்களையும் தூர்ந்த கிணறுகளையும் கண்டனர். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022இன் எரிபொருட் தட்டுப்பாடும், வெளியிலிருந்து வரும் ஒன்றையே நம்பியிருத்தலின் ஆபத்தை மீண்டும் உணர்த்தின.

இந்நிலையில் மீள்கட்டுமானம் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்கலாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே சிக்குண்டு, காலப்போக்கில் சுவரின் மேற்பரப்பு உதிரும். ஆகவே பழஞ்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே தகும். தறிபட்ட பனைக்கு ஈடாகப் பனை நடப்படல் வேண்டும். இன்று நடும் வித்து ஒரு தலைமுறை கழிந்த பின்னரே வளையாகவும் தீராந்தியாகவும் பயன்தரும். சிறு யந்திரத்தை ஒதுக்கவேண்டியதில்லை. அது மனித முதுகின் சுமையை இறக்கியது. கிணறு ஊறும் அளவறிந்து அதனை இயக்கும் கட்டுப்பாடே தேவை. முன்னர் அக்கட்டுப்பாட்டை மனிதனின் களைப்பு விதித்தது. இனி அதனை அறிவு விதிக்கவேண்டும்.

சுவரைத் திருத்துவது கொத்தனாரின் வேலை. திருத்தப்பட்ட வீட்டின் முற்றமும் கிணற்றடியும் எல்லாருக்கும் உரியனவாதல் சமூகத்தின் வேலை. இரண்டும் ஒருங்கே நிறைவேறும்போதே மீள்கட்டுமானம் என்ற சொல் முழுப்பொருள் பெறும்.