கறுப்பு அங்கியும் காலிப் பையும்

புதுவை நீதிமன்றங்களின் வரலாற்றைப் பேசப் புகுந்தால் பொன்னுத்தம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் பேச இயலாது. அவர் பிரெஞ்சு ஆட்சியில் உரிமம் பெற்ற வழக்குரைஞர். 1873ஆம் ஆண்டு ஐரோப்பிய முறைப்படி காலணி அணிந்து மன்றத்துக்கு வந்தார். இந்தியர் அவ்வாறு வருதல் கூடாதென்று தடுத்தனர். பிள்ளையவர்கள் பணிந்து போகவில்லை. பாரிசிலிருந்த உயர்மன்றம் வரை வழக்கைக் கொண்டு சென்று வென்றார். பின்னாளில் 1881ஆம் ஆண்டு ஆணையின் வழி இந்தியத் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றபோது 'லாபோர்த்' என்ற பெயரைச் சூடிக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள்!

இன்று கடலூர்ச் சாலையிலுள்ள நீதிமன்ற வளாகத்தில் எவர் காலையும் எவரும் பார்ப்பதில்லை. ஆயினும் வாசலில் வேறொரு வினா காத்திருக்கிறது: 'வருவாயின்றி எத்தனை ஆண்டு உன்னால் காலந்தள்ள முடியும்?' சட்டம் பயின்று, பதிவு செய்து, ஒரு சீனியரிடம் சேரும் ஜூனியர் கேஸ் கட்டுகளைச் சுமக்கிறார், வாய்தா கேட்கிறார், மனு எழுதுகிறார், இரவில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போகிறார். பேருந்துச் செலவுக்கு ஏதேனும் கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. 'தொழில் கற்றுக்கொள்கிறாய் அல்லவா, அதுவே கூலி' என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் விடை.

இவ்விடையை நியாயப்படுத்த நம்மவர் உடனே குருகுலத்தை அழைத்துவிடுகின்றனர். நாம் தமிழ் படித்தவர்களாதலால் இங்கே சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடங்கேட்ட வரலாற்றை அறியாதார் நம்முள் யார்? பிள்ளையவர்கள் ஊதியம் தரவில்லை என்பது உண்மை. ஆனால் பாடஞ்சொல்லக் கட்டணமும் வாங்கவில்லை. தாம் கடன்பட்டு வாடிய நாளிலும் மாணவர்க்குச் சோறிட்டவர் அவர். திருவாவடுதுறையிலோ மடமே மாணவர்க்கு உணவும் உறைவிடமும் அளித்தது. வயிற்றுக்கு வழி செய்த பின்னரே அங்கு ஏடு பிரிக்கப்பட்டது. அந்தச் சோற்றை மட்டும் கழித்துவிட்டு எஞ்சியதைக் 'குருகுலம்' என்று அழைப்பது குருகுலத்துக்குச் செய்யும் அவமதிப்பு என்றே நாம் கருதுகிறோம்.

உண்மையில் இவ்வழக்கம் வந்தது மடத்திலிருந்து அன்று, இங்கிலாந்திலிருந்து. ஒரு காலத்தில் அங்கே மூத்த வழக்குரைஞரிடம் தொழில் பழக, பழகுபவரே பணங்கட்டினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு அது. அந்த இங்கிலாந்தே பின்னர் மாறிவிட்டது. பழகுநர்க்கு ஆண்டுக்குக் குறைந்தது 10,000 பவுன் தரவேண்டும் என்று 2003 முதல் அங்கு விதி வந்தது. புதுவையை ஆண்ட பிரான்சின் கதையும் இதுதான். 'ஸ்தாஜ்' என்னும் பயிற்சிப் பணியில் ஊதியமின்றி உழைத்த இளைஞர்கள் 2005இல் வெள்ளை முகமூடி அணிந்து பாரிசுத் தெருக்களில் இறங்கினர். மறு ஆண்டே, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குத் தொகை தருவது சட்டமாயிற்று. பின்னர் அது இரண்டு மாதமாகக் குறைந்தது.

நம் நாட்டிலோ விந்தையான முரண் ஒன்றுண்டு. 1961ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று தொழிற்பழகுநர் சட்டம். தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பழகும் இளைஞனுக்கு மாதத்தொகை கட்டாயம் என்றது. மற்றொன்று வழக்கறிஞர் சட்டம். ஜூனியரின் வயிற்றைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. இந்திய பார் கவுன்சில் 1995இல் ஓராண்டுப் பயிற்சி விதிகளைக் கொண்டுவந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்கியது. அதன்பின் ஜூனியர் சட்டத்தின் கண்ணில் பழகுநரும் அல்லர், தொழிலாளியும் அல்லர். உழைப்பு நேரத்துக்கு வரம்பு கேட்ட ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் 1936 ஜூலை 30ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஊரில் இந்நிலை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இந்த மௌனம் கலைந்ததும் புதுவை வழக்கொன்றால்தான். வழக்கறிஞர் நல நிதி தொடர்பாகப் புதுச்சேரி அரசுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு ஜூனியர்களின் நிலையையும் கையிலெடுத்தது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரப்பட வேண்டும். இதனைத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்றது. தொகையின்றி வேலை வாங்குவது சுரண்டல் என்றும் சொல்லிற்று. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, ஊர்ப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

மறுதரப்பையும் கேட்கத்தான் வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா சில நூறு ரூபாய் வாங்கிப் பிழைக்கும் சிற்றூர்ச் சீனியர் 15,000 ரூபாய்க்கு எங்கே போவார்? நியாயமான கேள்வி. அதற்கான விடை, அரசு பங்கேற்பதே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆந்திரம் 2019இல் இளம் வழக்கறிஞர்க்கு மாதம் 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அதிலும் 35 வயது என்றொரு வரம்பு வைக்கப்பட்டது.

இவ்வரம்புதான் நம்மை உறுத்துகிறது. ஜூனியர் என்றாலே இருபத்துநான்கு வயது என்று எவர் சொன்னது? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின் நாற்பதில் சட்டம் முடித்து வரும் பெண்மணி, படையிலிருந்து ஓய்வு பெற்றவர், 2020இல் ஏ.எஃப்.டி. ஆலை மூடப்பட்டதைப் போலத் தாம் நம்பியிருந்த பிழைப்பு ஒருநாள் இல்லாமற்போக, புதிதாய்த் தொடங்க வேண்டியவர்... இவர்களும் கட்டுச் சுமக்கும் ஜூனியர்களே. இவர்களுக்குத் தந்தையின் வீட்டுச் சோறு இல்லை. இவர்களை நம்பி வேறொரு வீடு இருக்கிறது. 45 வயது கடந்தோர் வழக்கறிஞராகப் பதியக்கூடாதென்ற பார் கவுன்சில் விதியை 1995இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2024 ஜூலையில் பதிவுக் கட்டணத்தையும் சட்டம் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாதென்றது. கதவு திறந்தது, உள்ளே சென்றவர் முதல் மூன்றாண்டு எதை உண்பது என்பது மட்டும் நின்றுவிட்டது.

அந்த மூன்றாண்டுக்கு இப்போது புதுக் கனம் கூடியிருக்கிறது. 2025 மே 20ஆம் நாள் தீர்ப்பில், உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் பணி வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்தது. அப்பணிக்குச் சான்றளிக்கத் தக்கவருள் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரும் ஒருவர். அவர் தரும் சான்றை நீதித்துறை அலுவலர் ஒப்ப வேண்டும். தொகை தராத சீனியர் மீது முறையிட நினைக்கும் ஜூனியர், அச்சான்றுக்காக அதே சீனியர் முன்தான் பெரும்பாலும் போய் நிற்க வேண்டியிருக்கும்.