சாரி சொல்லாத கிழவர்

ஒரு நாளைக்கு எத்தனை 'சாரி' சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 'சாரி சார், தொந்தரவு பண்றேன்', 'சாரிங்க, லேட்டாயிடுச்சு'... பஸ்ஸில் நம் காலை மிதித்தவரிடமே சாரி கேட்கிற கொடுமையும் உண்டு! 'இவ்வளவு நேரம் காத்திருந்தீங்களே, ரொம்ப நன்றி' என்றால் கேட்பவருக்கும் சந்தோஷம். ஆனால், நாக்கில் முந்திக்கொண்டு வருவது என்னவோ சாரிதான்.

உயிர் போகும் என்று தெரிந்தும், தேவையில்லாத மன்னிப்பைக் கேட்க மறுத்தார் ஒரு கிழவர்.

கி.மு. 399, ஏதென்ஸ். 70 வயது சாக்ரடீஸ் மீது வழக்கு. ஊர்க் கடவுள்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று குற்றச்சாட்டு. தீர்ப்புச் சொல்ல சுமார் 500 குடிமக்கள். பிள்ளைகுட்டிகளைக் கூட்டிவந்து, கண்ணீர் விட்டுக் கெஞ்சித் தப்பிப்பது அந்த ஊர் கோர்ட்டில் சகஜம். சாக்ரடீஸுக்கும் மூன்று மகன்கள் உண்டு. கூட்டி வரவில்லை. 30 ஓட்டு மாறி விழுந்திருந்தால் விடுதலை. விழவில்லை!

அடுத்து, தனக்கு என்ன தண்டனை வேண்டும் என்று குற்றவாளியே சொல்லலாம். ஒலிம்பிக்கில் ஜெயித்தவர்களைப்போல எனக்கும் அரசாங்கச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்றாரே பார்க்கலாம்! நண்பர்கள் பதறிப்போய் அபராதம் கட்ட முன்வந்தும் பலன் இல்லை. மரண தண்டனை.

இந்தப் பேச்சைச் சொல்லும் பிளேட்டோவின் நூலுக்கு இங்கிலீஷில் 'அபாலஜி' என்று பெயர். மன்னிப்பு இருக்குமென்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். தன் பேச்சு நடையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார், அவ்வளவுதான். 'அபொலோகியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தமே எதிர்வாதம்தான்.

'திமிர் பிடித்த ஆசாமி' என்று தோன்றுகிறதா? கடைசி நாளையும் பாருங்கள். (அன்று உடம்பு சரியில்லாமல் பிளேட்டோ அங்கே போகவில்லை. பிறகு எழுதியதுதான்.) பெண்களுக்குச் சிரமம் வேண்டாம், பிணத்தைக் குளிப்பாட்டும் வேலையாவது மிச்சமாகட்டும் என்று தானே குளித்துவிட்டு வருகிறார். சிறை ஊழியர் வந்து, நீங்கள் என்மேல் கோபப்பட மாட்டீர்கள் என்று தெரியும், உத்தரவு அப்படி என்று சொல்லிவிட்டு அழுகிறார். சாக்ரடீஸ் அவரை வாழ்த்துகிறார். சிறையில் அவ்வப்போது வந்து பேசிக்கொண்டிருப்பார், இப்போது எனக்காக எவ்வளவு பெரிய மனசோடு அழுகிறார், பாருங்கள் என்று நண்பர்களிடம் அவரைப் பாராட்டவும் செய்கிறார். தன் சாவுக்கான உத்தரவைச் சொல்ல வந்தவருக்கு நன்றி!

விஷத்தைக் குடித்தாயிற்று. கால் மரத்து, சில்லிப்பு மேலே ஏறுகிறது. முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, நண்பர் கிரீட்டோவிடம் ஒரு விஷயம் சொல்கிறார். அஸ்க்லேபியஸுக்கு ஒரு சேவல் பாக்கி இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு!

அஸ்க்லேபியஸ், நோய் தீர்க்கும் கடவுள். குணமானவர்கள் நன்றியாகச் சேவல் படைப்பார்கள். எந்த நோய் குணமானதற்கு இந்தச் சேவல் என்று அறிஞர்கள் இன்னும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்கள். பி.காம் படித்த எனக்குக் கண்ணில் படுவது ஒன்றுதான்... 70 வருஷக் கணக்கை மூடும்போது அவருக்கு ஞாபகம் வந்த ஒரே கடன், நன்றிக்கடன்.

கொடுத்துவிடுகிறேன் என்ற கிரீட்டோ, இன்னும் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார். பதில் வரவில்லை.